முன் சைட் வளையம் மங்குகிறது: ரைபிள் சுடுவதற்குத் தனிக் கண்ணாடி வேண்டுமா?

கேள்வி: ஐம்பதுமீட்டர்க்காரி

வணக்கம். எனக்கு வயது 47. ஆறு ஆண்டுகளாக 50 மீட்டரில் படுத்த நிலையில் .22 ரைபிள் சுடுகிறேன். வலக்கண்ணுக்கு மைனஸ் 2.25, கூடவே சிலிண்டர் (பார்வைச் சிதறலைத் திருத்தும் பவர்) மைனஸ் 0.75. சென்ற ஆண்டு வெள்ளெழுத்து தொடங்கியதும் புராகிரசிவ் கண்ணாடிக்கு (ஒரே லென்ஸில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் படிப்படியாக மாறுவது) மாறினேன். அன்றிலிருந்து முன் சைட் வளையம் (குழல் முனையில் உள்ள குறிவளையம்) மேலும் கீழும் மங்கித் தெரிகிறது. பக்கங்கள் மட்டும் கூர்மையாக இருக்கின்றன. கன்னத்தை ரைபிள் மீது பதித்ததும், மூக்கோரமாக லென்ஸின் மேல் மூலை வழியாகத்தான் பார்க்க முடிகிறது. இருபது குண்டு சுடுவதற்குள் கண்ணில் நீர் வழிகிறது.

கண்ணாடிக் கடையில் இதைச் சொன்னபோது, "தூரப் பார்வை சரியாகத்தானே இருக்கிறது" என்று மஞ்சள் லென்ஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். இலக்கின் கறுப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. வளையம் அப்படியேதான் இருக்கிறது. சுடுவதற்கென்றே வரும் ஒற்றை லென்ஸ் பிரேம் உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் என்ன பவர் போட வேண்டும்? இந்த விளையாட்டை இன்னும் பல ஆண்டுகள் ஆட ஆசைப்படுகிறேன். அதனால்தான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன்.

பதில்: பழைய பயிற்றுநர்

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. "மேல் மூலை வழியாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நோய். எந்த லென்ஸும் அதன் நடுவில், நேர்குத்தாகப் பார்க்கும்போதுதான் எழுதிக்கொடுத்த பவரைத் தரும். சாய்வாகப் பார்த்தால் இல்லாத சிலிண்டர் ஒன்று தானாகச் சேர்ந்துகொள்ளும். வளையம் ஒரு திசையில் மங்கி மறு திசையில் கூர்மையாகத் தெரிவது அதனால்தான். புராகிரசிவ் லென்ஸில் ஓரங்களில் இயல்பாகவே உருக்குலைவு உண்டு. சுடுவதற்கு அது ஆகவே ஆகாது.

ஆகவே, ஆம், பிரேம் தேவை. ஜெர்மனியின் நோப்லாக், சுவிட்சர்லாந்தின் சாம்பியன் போன்றவை இதற்கென்றே செய்யப்படுபவை. லென்ஸை மேலே, கீழே, உள்ளே, வெளியே நகர்த்தலாம், திருப்பலாம். எந்தப் பெயர் என்பதைவிட, மூக்குத்தாங்கியின் உயரத்தை மாற்ற முடிகிறதா, திருகுகள் இறுக்கிய இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஆனால் ஒன்று: உங்கள் படுக்கும் நிலை இன்னும் மாறிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தலை நிற்கும் இடம் நிலைக்காமல் பிரேமைப் பொருத்துவது வீண் வேலை.

இப்போது பவர். முன் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டரில் இருக்கிறது. இலக்கு 50 மீட்டரில். இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. தூரப் பார்வைக்கான பவரோடு பிளஸ் 0.50 சேர்த்தால், கண் தளர்ந்த நிலையில் 2 மீட்டரில் குவியும். கண்ணருகே உள்ள பின் சைட்டின் சிறு துளை, குவிய ஆழத்தை (கூர்மையாகத் தெரியும் தூர வீச்சை) கூட்டுவதால், வளையம் தெளிவாகவும் கறுப்பு வட்டம் சற்றே மென்மையாகவும் தெரியும். உங்களுக்கு அது மைனஸ் 1.75; சிலிண்டர் மாறாது. உங்கள் கடைக்காரர் சரிபார்த்தது தூரத்தை மட்டும். அந்த லென்ஸோடு, 1 மீட்டரில் இருக்கும் வளையத்தைப் பார்க்க உங்கள் கண் ஒவ்வொரு குண்டுக்கும் உழைக்கிறது. நீர் வழிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளஸ் 0.50 என்பது தொடங்கும் இடம்தான். 0.25, 0.50, 0.75 ஆகிய சோதனை லென்ஸ்களைக் கண் பரிசோதகரிடம் இரவல் வாங்கி, பயிற்சிக் கூடத்தில் பொறுப்பாளரின் அனுமதியோடு, தோட்டா போடாத ரைபிளில், உங்கள் நிலையிலேயே படுத்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து சோதித்த பவரை நான் நம்புவதில்லை.

மஞ்சள் லென்ஸ் மங்கலான வெளிச்சத்தில் இலக்கின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டும், அவ்வளவே. குவியத்தை அது திருத்தாது.

பதில்: மூன்றுநிலை

அக்கா, நானும் சிலிண்டர் உள்ளவன்தான். சிறிய வட்ட லென்ஸ் பிடிப்பானுக்குள் சுழன்றுவிடும். சுழன்றால் ஆக்சிஸ் (சிலிண்டர் நிற்க வேண்டிய கோணம்) தவறிவிடும். கிடைக்கோட்டில் இரண்டு புள்ளிகள் குறித்துத் தரச் சொல்லுங்கள். பிடிப்பானிலும் அதற்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஒரு போட்டி முழுவதும் ரைபிளைச் சந்தேகித்துக்கொண்டே சுட்டேன்.

நடுவைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லென்ஸ் அளவுக்கு ஓர் அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் ஊசித் துளையிட்டு, லென்ஸுக்குப் பதிலாக மாட்டுங்கள். நிலையில் படுத்து, அந்தத் துளையும் பின் சைட் துளையும் ஒரே நேரில் வரும்வரை நகர்த்துங்கள். பிறகு பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்து, அட்டை பின் சைட்டின் வட்டத் தகட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று சொல்லட்டும்.

கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு நகர்வதால் சாய்வுச் சிக்கல் இல்லை. ஆனால் குறிபார்க்கும்போது இமைக்காமல் இருப்போம். எனக்கு அது உலர்ந்து மங்கியது.

பதில்: ஐம்பதுமீட்டர்க்காரி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுவில் ஒருவரின் பிரேமை இரவல் வாங்கி அட்டைச் சோதனை செய்தேன். துளை நேராக வர, பிடிப்பானை மூக்குப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ள வேண்டியிருந்தது. சோதனை லென்ஸில் 0.50 போட்டதும் வளையம் சுற்றிலும் ஒரே கறுப்பாக நின்றது. 0.75இல் இலக்கு கரைந்துபோயிற்று. 0.50தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் ஒன்று: இடக்கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுகிறேன். அதை மறைக்கக் கறுப்புத் தகடு போடலாமா?

பதில்: பழைய பயிற்றுநர்

கறுப்பு வேண்டாம். ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்மணிகளும் விரியும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் தகடு போடுங்கள், இரண்டு கண்களும் திறந்திருக்கட்டும். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி அந்தத் தகட்டின் அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

அந்தச் சிறு லென்ஸ் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது என்பதையும் மனத்தில் வையுங்கள். பக்கத்து வரிசையிலிருந்து வெற்றுக் கூடுகள் பறந்து வரும். லென்ஸை எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் கேளுங்கள். பெரிய காலிபர் (குழல் விட்டம் பெரிய) ரைபிள் சுடும் நாளில், முழுக் கண்ணையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியில் உங்கள் பவரைப் போட்டு அணியுங்கள்.