பல் கிளினிக் உதவியாளர்களுக்குத் தொற்றுத்தடுப்புப் பயிற்சி: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். களியக்காவிளைப் பக்கம் சின்னதாக ஒரு பல் கிளினிக் நடத்துகிறேன். உதவிக்கு இரண்டு பேர். பாறசாலையிலிருந்து வருபவர் மலையாளம்தான் வாசிப்பார், மற்றவருக்குத் தமிழ் மட்டும். எனக்குக் கிடைத்த பயிற்சிக் குறிப்புகளோ எல்லாம் ஆங்கிலம்.

போன வாரம் ஆட்டோகிளேவிலிருந்து (நீராவிச் சூட்டில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) எடுத்த கருவிப் பைகள் நனைந்திருந்தன. பையில் ஒட்டும் டேப்பில் சூடு பட்டால் கறுக்கும் கோடு உண்டு. உதவியாளரைக் கேட்டால், "டேப்புல கோடு கறுத்துட்டுல்லா டாக்டர், பின்ன என்ன?" என்கிறார். தப்பு அவர்மேல் இல்லை, நான்தான் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. கோடு கறுத்தால் சூடு பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 121 டிகிரியில் முழு நேரம் நின்றதா, கிருமி செத்ததா என்பதை அது சொல்லாது. அதற்கு ஸ்போர் சோதனை வேண்டும், அதாவது எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து, செத்தனவா என்று பார்ப்பது. ஈரப் பையோ வெளிக்கிருமியை உள்ளே இழுத்துவிடும்.

ஹேண்ட்பீஸை (பல்லைக் குடையக் கையில் பிடிக்கும் கருவி) துடைத்தால் போதாது, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆட்டோகிளேவில் போட வேண்டும் என்பதையும் செய்து காட்டிச் சொல்பவர் வேண்டும். நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் யாராவது ஞாயிற்றுக்கிழமை வருவார்களா? பணம் தருகிறேன். ஸ்போர் சோதனைக்கான ஸ்ட்ரிப் சில்லறையாக எங்கே கிடைக்கும்? பெட்டியாக வாங்கினால் எனக்குக் காலாவதியாகிவிடும்.

அப்புறம், உதவியாளர்களில் ஒருவர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை முதல் ஊசியோடு நிறுத்திவிட்டார். மீதி இரண்டையும் போடவைப்பது என் பொறுப்பு.