பவர் விண்டோ மோட்டார் உண்மையிலேயே போய்விட்டதா? கிருஷ்ணகிரியிலிருந்து சில அனுபவங்கள்

கார் ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை என்றாலே மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியதை மாட்டிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக் காரிலும் உறவினர்களின் கார்களிலும் நான் பார்த்தவரையில், மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம் வழியிலேயே நின்றுபோனதுதான் அதிகம்.

எங்கள் காரில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கிய நிலையில் நின்றுவிட்டபோது, முதலில் காட்டிய கடையில் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரும் மோட்டாரும் சேர்த்து செட்டாகவே மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் ஒப்பாமல் காவேரிப்பட்டணத்தில் எங்களுக்குப் பழக்கமான வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் எடுத்த எடுப்பில் கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றவில்லை. "தம்பி, சுவிட்சை அழுத்திக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகத் திறந்து மூடினார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடி ஒரு துள்ளு துள்ளி நின்றது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே கீல் பக்கம் இருக்கும் ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது, ஒரு ஒயரின் மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஏறத்தாழ முழுவதும் அறுந்திருந்தன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. அதிகம் திறக்கப்படும் ஓட்டுநர் கதவில் முதலில் அறுவது இயல்புதான்.

இதில் கவனிக்க வேண்டியது, பிறகு டோர் பேடைத் திறந்து மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தபோது அது 12 வோல்ட்டைக் காட்டியது என்பதே. மீட்டர் மிகச் சொற்ப மின்னோட்டத்தையே எடுப்பதால், மிஞ்சிய ஓரிரு இழைகள் வழியாகவும் முழு அளவு தெரியும். பல ஆம்பியர் கேட்கும் மோட்டாருக்கு அந்த இழைகள் போதாது. அவர் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதே இரண்டு முனைகளில் இணைத்துக் காட்டினார். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கக்கூடியது. சிவந்து மங்கலாகத்தான் எரிந்தது. மடங்கும் பகுதியைத் தாண்டி இருபுறமும் வெட்டி, புதிய ஒயரை இணைத்துப் பற்றவைத்ததோடு வேலை முடிந்தது.

கிரானைட் லாரிகள் ஓடும் சாலையோரம் வசிக்கும் என் மாமாவின் காரில் கதை வேறு. கண்ணாடி பாதியில் நின்றுவிடும். சிறிது நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடும். பல பவர் விண்டோ மோட்டார்களில் அளவுக்கு மேல் சூடானால் மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு உள்ளேயே இருக்கிறது. அது தன் வேலையைத்தான் செய்தது. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் தூசி இறுகியிருந்ததே காரணம். துடைத்துச் சிலிக்கான் ஸ்பிரே அடித்ததும் தடையின்றி ஓடியது. தயவுசெய்து அங்கே கிரீஸோ பழைய எஞ்சின் ஆயிலோ போடாதீர்கள். தூசி முன்னைவிட அதிகமாக ஒட்டும்.

உண்மையிலேயே மோட்டார் போன கார் என் நண்பருடையது. அது ஜன்னல் மோட்டார் அல்ல, ரேடியேட்டர் விசிறியின் மோட்டார். சேலத்திலிருந்து தருமபுரிக்குத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஏசி ஓடிக்கொண்டிருக்க, வெப்பமானி முள் மேலே ஏறியது. ஃபியூஸும், விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் சரியாக இருந்தன. விசிறியின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயர் மூலம் நேரடியாக மின்சாரம் கொடுத்தபோது அது அசையவில்லை. மோட்டாரின் மேல் லேசாகத் தட்டியதும் சுழன்றது. தட்டினால் ஓடும் மோட்டாரில், சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அந்தப் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரிலும் பள்ளம் விழுந்திருந்ததால், பிரஷை மட்டும் மாற்றாமல் மோட்டாரையே மாற்றினோம். எஞ்சினை அணைத்த பிறகும் சில கார்களில் விசிறி திடீரென்று ஓடத் தொடங்கும் என்பதால், கனெக்டரைக் கழற்றாமல் அங்கே கை வைக்கக் கூடாது.

காருக்குள் காற்று வீசும் புளோயர் அதிவேகத்தில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரைப் பாருங்கள். டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்ற ஓசை விடாமல் கேட்டால், ஏசி காற்றுக் கதவைத் திருப்பும் ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விண்டோ மோட்டாரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கண்ணாடியை மேலே தூக்கி டேப் ஒட்டி நிறுத்திய பிறகே திருகுகளைக் கழற்ற வேண்டும். கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் சுருள்வில் இழுவிசையோடு இருப்பதால், மோட்டாரை எடுத்தவுடன் ரெகுலேட்டரின் கரம் வெடுக்கென்று திரும்பி விரலை நசுக்கிவிடும். ஒரே தொடுதலில் தானாக ஏறும் கண்ணாடி என்றால், முழுவதும் ஏற்றி சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்திருந்து எல்லையைக் கற்றுக்கொடுக்க வேண்டிய கார்களும் உண்டு. டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சில கடைகளில் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் தண்ணீர் கால்மிதி வரை வரும்.