விஸ்கான்சின் பொமரேனிய விவசாயக் குடும்பம்: பூர்வீக ஊர் கண்டுபிடிக்க உதவி தேவை

வணக்கம். 1860-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள டாட்ஜ் கவுண்டியில் நிலம் வாங்கிக் குடியேறிய ஒரு ஜெர்மன் குடும்பத்தின் சொந்த ஊரைத் தேடுகிறோம். 1880 கணக்கெடுப்பில் பிறந்த இடம் வெறும் 'பிரஷ்யா' (அன்றைய பெரிய ஜெர்மன் அரசு). குடியுரிமை மனுவும் அப்படியே. 1906-க்கு முந்தைய மனுக்களில் பெரும்பாலும் ஊர் இருக்காது. ஹாம்பர்க் வழியாக வந்திருந்தால் கப்பல் பட்டியலே ஊரைச் சொல்லியிருக்கும். இவர்கள் வந்தது ப்ரேமன் வழியாக. அங்கே பழைய பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன.

மிச்சமிருப்பது லூத்தரன் தேவாலய இறப்புப் பதிவு ஒன்றுதான். வயதை வருடம், மாதம், நாள் எனக் குறித்திருப்பதால் பிறந்த தேதியைக் கணக்கிட்டுவிட்டோம். ஊர்ப்பெயரில்தான் சிக்கல். 'க்ரைஸ் க்ரைஃபன்பெர்க்' (பொமரேனியாவில் இருந்த ஒரு மாவட்டம், இன்று போலந்தில்) தெளிவாக இருக்கிறது. ஊர்ப்பெயரின் கடைசி 'டோர்ஃப்' (கிராமம்), முன்பாதி புரியவில்லை. குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e', 'n' இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரட்டைக் கோடுகள். 'u' என்றால் மேலே சின்ன வளைவு இருக்க வேண்டும். இதில் மை கலைந்திருக்கிறது.

குர்ரென்ட் வாசிக்கத் தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதே பக்கத்தின் மற்ற பதிவுகளையும் சேர்த்து அனுப்புகிறேன், எழுதியவரின் கை பிடிபடும். அந்த வட்டாரத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளை போலந்தின் ஷ்செசின் ஆவணக்காப்பகத்தில் தேடியவர்கள் இருந்தால், 1874-க்கு முந்தையவை எந்தெந்தத் திருச்சபைகளுக்குக் கிடைக்கின்றன என்று சொல்ல முடியுமா? அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு (சிவில் பதிவு) அங்கே அந்த வருடம்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முன் தேவாலயப் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை.