இராமேசுவரம் தீவைச் சைக்கிளில் சுற்றிவர: தார்ச்சாலை, பனங்காட்டு மணல், உடைமுள்

கேள்வி (இராமநாதபுரம் வாசகர்)

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாக ஞாயிறுதோறும் இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வரை நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். வேன்களுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே பொழுது போய்விடுவதால், இராமேசுவரம் தீவுக்குள் ஒரு சுற்றுப்பாதையை வகுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஊரிலிருந்து கந்தமாதன பர்வதம், அங்கிருந்து வடகரையை ஒட்டிப் பனங்காட்டு வழியாக வில்லூண்டி தீர்த்தம், தங்கச்சிமடம், பாம்பன், குந்துகால், பிறகு பேய்க்கரும்பு வழியாக நெடுஞ்சாலையில் திரும்புதல் என்பது என் எண்ணம். 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

போன மாதம் தனியாக முயன்றேன். கந்தமாதனத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் கூடப் போக முடியவில்லை. முன்சக்கரம் மணலில் புதைந்து இரண்டு முறை விழுந்தேன். பின்சக்கரத்தில் மூன்று முள். ஒட்டுப் போட்ட இடத்திலேயே பத்து நிமிடத்தில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. என் சைக்கிளின் டயர் 40 மில்லிமீட்டர் அகலம், 60 பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றழுத்த அளவு) காற்று வைத்திருந்தேன். தை மாதத்தில் பதினைந்து வயது மகளையும் அழைத்துச் செல்ல நினைக்கிறேன். அவளிடம் அகல டயர் கொண்ட மலைச் சைக்கிள் இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லித் தர வேண்டுகிறேன்.

பதில் (பாம்பன் வாசகர்)

தம்பிக்கு வணக்கம். பாதை சரியான பாதைதான். புறப்படும் இடமும் டயர்க் காற்றும் மட்டுமே மாற வேண்டும்.

முதலில் வீசும் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தீவில் ஏற்றம் என்று சொல்லக் கூடியது கந்தமாதன மேடு ஒன்றுதான். மற்றபடி நம்மை ஏற்றம்போல் இழுத்துப் பிடிப்பது காற்றே. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள் என்பதிலிருந்து இங்கே காற்றின் பலத்தை நீங்கள் புரிந்துகொள்ளலாம். ஆனி, ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். கார்த்திகை முதல் தை வரை வாடை வடகிழக்கிலிருந்து வரும். எங்கள் மீனவர்கள் கச்சான் காலத்தில் வடகடலையும் வாடைக் காலத்தில் தென்கடலையும் நாடுவது எந்தக் கணக்கில் அமைந்ததோ, அதே கணக்கு சைக்கிளுக்கும் பொருந்தும். காலையில் காற்று எழும்புவதற்கு முன்பு எதிர்த்திசையை முடித்துவிட வேண்டும்; வெயிலும் களைப்பும் சேர்ந்த பிறகு காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். ஆகவே தை மாதத்தில் நீங்கள் இராமேசுவரத்திலிருந்து புறப்படாமல், பாம்பனிலிருந்து விடியும் முன் கிளம்பி, வடகரை வழியாகக் கிழக்கே போய், எட்டு மணிக்குள் இராமேசுவரத்தை அடைந்து, வாடை தள்ளிவிடத் திரும்புங்கள். குந்துகாலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் கரையிறங்கிய இடம் அது; நினைவு மண்டபத்து நிழலில் அமர்ந்து இளைப்பாற வசதியாக இருக்கும்.

அடுத்தது மணல். 60 பி.எஸ்.ஐ. வைத்தால் டயர் மணலைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு இறங்கும். தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்று 30 அளவுக்கு இறக்குங்கள்; கட்டைவிரலால் அழுத்தினால் டயர் நன்றாக அமுங்க வேண்டும். மணலுக்குள் நுழைந்த பிறகு கியரை மாற்ற முயன்றால் சங்கிலி திணறும் என்பதால், நுழைவதற்கு முன்பே இலேசான கியருக்கு வந்துவிடுங்கள். உடம்பின் எடையைச் சற்றுப் பின்னால் தள்ளி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, மிதிப்பதை விடாமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும். முன்சக்கரம் அலையும்போது அதை நேராக்கப் பலம் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நீங்கள் விழுந்ததும் அதனால்தான் என்று கருதுகிறேன். பனிபெய்த காலையில் மேல்மணல் இறுகியிருக்கும். அதே தடம் பதினொரு மணிக்கு மாவுபோல் உதிரும். இருசக்கர வாகனங்கள் ஓடிய தடத்திலேயே செல்லுங்கள். பனையடியில் கிடக்கும் மட்டையை ஏறிக் கடக்க வேண்டாம். அதன் கருக்கு டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும், அந்தக் கிழிசலை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது.

முள் விஷயத்தில் நீங்கள் முதல் பஞ்சரை ஒட்டிய விதத்தில்தான் குறை நேர்ந்திருக்கிறது. உடைமுள்ளும் சீமைக் கருவேல முள்ளும் வெளியிலிருந்து பிடுங்கும்போது உடைந்து, நுனி டயருக்குள்ளேயே தங்கிவிடும். விரலால் தடவினால் தெரியாது, விரலையும் குத்தும். பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறத்தில் முழுச்சுற்றும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் சிக்கி இழுக்கிறதோ அங்கே முள்நுனி இருக்கும். அதைக் குறடால் உள்பக்கமாக இழுத்தெடுத்த பிறகே ட்யூபை மாட்ட வேண்டும். நான் பையில் இரண்டு ட்யூப், குறடு, ஒரு துண்டு வேட்டி, பம்பு ஆகியவை இல்லாமல் வடகரைப் பக்கம் போவதில்லை.

பதில் (பரமக்குடி வாசகர்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மகளின் சைக்கிளில் இருப்பது இரண்டு அங்குல டயராக இருந்தால், அவர் மணலில் உங்களைவிட எளிதாகப் போவார். அவரை முன்னால் விட்டு அவருடைய தடத்தில் நீங்கள் செல்லுங்கள். ட்யூப் இல்லாத டயர் போட்டு, முள்துளையைத் தானே அடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்வதும் நல்ல வழி. ஆனால் நம் ஊர் வெப்பத்தில் அது விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். தை அமாவாசை நாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று அக்னி தீர்த்தத்துக்கு வரும் கூட்டத்தில் நெடுஞ்சாலை நகராது.

பதில் (தங்கச்சிமடம் வாசகி)

அண்ணனுக்கு வணக்கம். எங்கள் கரைப் பக்கம் பிள்ளையை அழைத்து வருவது மகிழ்ச்சி தருகிறது. வருகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கரையோரத்தில் வெற்று மணல் என்று உங்கள் கண்ணுக்குப் படும் இடம் பல நேரங்களில் எங்கள் களமாக இருக்கும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்னும் கடற்பாசிகள் காய்வது அந்த மணலில்தான். கழுத்தளவு நீரில் முங்கி, பாறையிலிருந்து கையால் பிய்த்தெடுத்து வந்து பரப்பிய பாசியின் மேல் சக்கரம் ஏறினால், மணல் சேர்ந்து விலை குறைந்துவிடும். எங்கள் வீட்டிலேயே ஒரு நாள் காயவைத்த பாசி அப்படி வீணாயிற்று. ஓட்டி வந்தவர் அதைப் பாசி என்றே அறிந்திருக்கவில்லை. கறுப்பாகவோ ஊதாவாகவோ படர்ந்திருப்பதைக் கண்டால் இறங்கி உருட்டிச் செல்லுங்கள். விரித்த வலைக்கும் அப்படியே.

மணல்மேட்டுச் சரிவில் தோண்டிய ஊற்றுகளும் இருக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதைத்தான் அகப்பையால் மொண்டு குடிக்கிறோம். கரை சரிந்தால் ஊற்று தூர்ந்துவிடும். அருகே ஓட்ட வேண்டாம்.

தை மாதம் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடும் காலம் என்பதால், இறுகலாக இருக்கிறதே என்று அலையோர ஈரமணலில் இருட்டில் ஓட்டாதீர்கள். தனுஷ்கோடிப் பக்கம் போவீர்களானால் தார்ச்சாலையை விட்டு இறங்கவே கூடாது. அங்குள்ள சேற்றுப்பரப்பில் பூநாரைகள் மேய்கின்றன. 2025இல் அதைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தாலும் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும்.

மீண்டும் இராமநாதபுரம் வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. துணியை இழுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடியே இரண்டு இடத்தில் நூல் சிக்கியது. அரை அரிசி அளவு முள்நுனிகள் இன்னும் உள்ளேயே இருந்தன. பாசி காயும் களத்தைப் பற்றி அக்கா எழுதியதை மகளிடமும் வாசித்துக் காட்டினேன். அமாவாசைக்கு அடுத்த ஞாயிறு பாம்பனிலிருந்து புறப்படுவதாக முடிவு செய்திருக்கிறோம். இராமேசுவரத்தை எட்டு மணிக்குள் அடைந்துவிட்டால், தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சென்று திரும்புவதையும் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாமா?

பதில் (பாம்பன் வாசகர்)

சேர்க்க வேண்டாம், தம்பி. அரிச்சல்முனைக்குப் போக வர மட்டும் 40 கிலோமீட்டர் அளவுக்கு ஆகும்; இருபுறமும் கடல், ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. மணலில் களைத்த கால்களோடு பிள்ளையை அங்கே இழுத்துச் செல்வது சரியல்ல. 1964 புயலில் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் நின்று பார்க்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள். அன்று தார்ச்சாலையிலேயே ஓட்டப் போவதால் 60 பி.எஸ்.ஐ. சரியாக இருக்கும்.

வீடு திரும்பியதும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, சங்கிலியைத் துடைத்து, அன்றிரவே எண்ணெய் விட்டுவிடுங்கள். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கண்ணிகளில் செந்துரு பூத்திருக்கும். திருகாணிகளின் தலைக்குள் தேங்கும் உப்புநீரையும் துணிமுனையால் ஒற்றியெடுங்கள்.