வானம் தெளிவு, கடல் மட்டும் சரியில்லை

கைப்பேசியில் வானிலை பார்க்கும்போது வெயில் படம் காட்டினால் கடலும் சாதுவாகத்தான் இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் பார்த்ததிலேயே மோசமான கடல் அப்படிப்பட்ட நாளில்தான். மேகம் இல்லை, காற்றும் பேருக்குத்தான். ஆனால் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே 15 விநாடிக்கு மேல் ஆனது. பக்கத்தில் அடிக்கிற காற்று கிளப்பும் அலை என்றால் அதில் பாதி நேரத்திலேயே அடுத்தது வந்துவிடும். இது எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலின் அலை. ஆழ்கடலில் படகில் இருப்பவருக்குக்கூடப் பெரிதாகத் தெரியாது, கரையை ஒட்டி ஆழம் குறையும்போதுதான் எழும்பி நிற்கும். நடுவில் சில நிமிடம் சும்மா கிடக்கும், சரி அடங்கிவிட்டது என்று ஆட்கள் இறங்குவார்கள், அப்புறம் நாலைந்து பெரிய அலை அடுத்தடுத்து வந்து மணலில் வைத்த பை, செருப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்.

அன்று ஒரு குடும்பம் குளிக்க இடம் பார்த்தது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைகிறது, நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல் வழவழவென்று கிடக்கிறது. யாருக்கும் அங்கேதான் இறங்கத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீர் கலங்கல், நுரை கரைக்கு வராமல் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பும் வழி அது. ஆழம் அதிகம் என்பதால்தான் அலை உடைவதில்லை. உயிர்காப்பாளர் விசில் அடித்து அவர்களை நகர்த்தினார், குடும்பத் தலைவருக்குக் கோபம்கூட வந்தது.

அந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, கரையிலிருந்து கடலுக்குள் கொண்டு போகும், அவ்வளவுதான். வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு, ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்து நீந்த முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் நேராகக் கரைக்கு வரப் பார்த்துக் களைத்துப் போகிறார்கள். மிதந்தபடி கையை உயர்த்தி ஆள் கூப்பிடலாம், தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தலாம், பட்டை பெரும்பாலும் குறுகலானது.

இன்னொன்று, நிலத்திலிருந்து காற்று அடிக்கும் காலை நேரம். கரையோரம் குளம் மாதிரி இருக்கும், காற்றடைத்த மிதவையில் குழந்தையை விடுவார்கள், அது மெல்ல மெல்லக் கடலுக்குள் போகும். ஒருமுறை பந்து ஒன்று அப்படிப் போனது, எடுக்கப் பாய்ந்த பையனை அவன் சித்தப்பா சட்டையைப் பிடித்து நிறுத்தினார், நல்ல காரியம்.