ஐடிலில் 300 பார் காட்டினால் பம்ப் சுத்தமா?

கப்பலூர்_டீசல்:
நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இழுவை கூட்ட ட்யூனிங் பாக்ஸ் மாட்டிய காமன் ரெயில் பிக்கப் (பம்ப் ஏற்றுகிற டீசல் ரெயில் என்ற ஒரே குழாயில் சேர்ந்து நாசில்களுக்குப் போகிற டைப்), லோடோடு ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது இழுவை செத்து, செக் லைட் எரிந்து, ரெயிலில் பிரஷர் குறைவு என்கிற பி0087 கோடு காட்டுகிறதாம். அவர் வைத்தியம்: "ஸ்கேனரில் ஐடிலுக்கு (வண்டி நின்று என்ஜின் சும்மா ஓடும்போது) ரெயில் பிரஷர் 300 பார் இருக்கு, பம்ப் சுத்தம். டேங்கைக் கழுவு." அந்த பாக்ஸின் வேலையே ரெயில் சென்சார் சிக்னலைக் குறைத்துக் காட்டுவதுதான். பிரஷர் போதவில்லை என்று நம்பி இசியூ (என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) இன்னும் ஏற்றும். பொய் சொல்லப் பழக்கியவனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்களே!

ரிங்ரோடு_ஸ்கேனர்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே எழுதலாம், கடிக்க மாட்டேன். நல்ல பாக்ஸ் ஐடிலில் கை வைக்காது, மிதித்தால்தான் வேலை செய்யும். ஆக, 300 என்பது உண்மையான 300.

கப்பலூர்_டீசல்:
சரி, உண்மையான 300 என்றே வைத்துக்கொள்வோம். கணவாயில் வண்டி ஐடிலிலா ஏறுகிறது? லோடில் 1,400, 1,600 பார் கேட்கும். பம்ப் அதைத் தூக்குமா என்று டீக்கடை வாசலில் நிறுத்திப் பார்த்தால் தெரியாது. பாக்ஸைக் கழற்று, கம்பெனி சாக்கெட்டை மாட்டு, மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்து, இசியூ கேட்கிற பிரஷரையும் கிடைக்கிற பிரஷரையும் பக்கத்தில் பக்கத்தில் ரெக்கார்டு பண்ணு. அதுதான் கணக்கு.

மேலூர்_லோடு:
300 பாரா? எங்கள் பழைய லாரியில் ஃபில்டர் பக்கம் 2 பார் இருந்தாலே ஜம்மென்று ஓடும். சும்மா பெரிய நம்பர் போட்டுப் பயமுறுத்தாதீர்கள்.

கப்பலூர்_டீசல்:
அண்ணே, அது பம்புக்கு முன்னால் ஃபில்டரில் இருக்கிற பிரஷர், வேற. இங்கே பேச்சு ரெயிலில் இருக்கிற 300 பற்றி.

ரிங்ரோடு_ஸ்கேனர்:
ஆமாம், 300 பற்றித்தான். இருக்கிறது. முடிந்தது.

பழைய_நாசில்:
நாலு நாசில் ரிட்டர்னையும் (நாசில் திருப்பி அனுப்புகிற மிச்ச டீசல்) தனித்தனி பாட்டிலில் விட்டுப் பார்த்தீர்களா? ஒன்று மட்டும் மளமளவென்று நிறைந்தால் பிரஷர் அங்கேதான் ஓடுகிறது. பம்ப் பாவம் என்ன செய்யும்? ஐடிலில் சமாளித்துவிடும், லோடில் கைவிடும்.

கப்பலூர்_டீசல்:
நான் சொல்ல வந்ததே அதுதான். இன்னொன்று, இந்த வண்டியில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது, பம்பே உறிஞ்சி எடுக்கிற டைப். ஃபில்டர் அடைத்தாலும் பட்டினி, ஹோஸ் வெடித்தாலும் காற்று. பம்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஹோஸ் ஒரு அடி போட்டால் குமிழி தெரியும். யாரும் ஆர்வக்கோளாறில் என்ஜின் ஓடும்போது ரெயில் பைப் நட்டை மட்டும் தளர்த்தாதீர்கள், அந்த டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

ரிங்ரோடு_ஸ்கேனர்:
அடைப்பு, பட்டினி என்றால் டேங்க் பக்கம்தானே? டேங்கைக் கழுவு என்றுதானே நானும் சொன்னேன்! அப்புறம் ரிட்டர்ன் டெஸ்ட் பற்றி நீங்கள் பேசுவதுதான் வேடிக்கை. போன வருஷம் என் மச்சான் வண்டிக்கு நேராகப் புது பம்ப் மாற்றச் சொன்னது யாரு? கடைசியில் நாசில் ரிட்டர்ன். பில்லு இன்னும் என் போனில் இருக்கிறது.

கப்பலூர்_டீசல்:
அந்த பம்பில் இரும்புத் தூள் வந்தது. அதை மச்சானிடம் கேளுங்கள். 300 பாருக்குப் பதில் சொல்ல முடியாதவர் பில்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

மேலூர்_லோடு:
கப்பலூர்க்காரர் இங்கே டோல்கேட் பற்றிய திரியிலும் இப்படித்தான், கடைசி வார்த்தை அவருக்குத்தான் வேண்டும்.

கப்பலூர்_டீசல்:
டோல் வேற, டீசல் வேற. லாரிக்காரரே, நீங்கள் 2 பாரிலேயே இருங்கள்.

பழைய_நாசில்:
ரிட்டர்ன் பார்த்தாச்சா என்று கேட்டேன்.

ரிங்ரோடு_ஸ்கேனர்:
இதோ ஸ்கேனர் போட்டோ. 304. கண் இருந்தால் பாருங்கள்.

கப்பலூர்_டீசல்:
பாக்ஸைக் கழற்றிவிட்டு எடுத்ததா, மாட்டியபடியா?

ரிங்ரோடு_ஸ்கேனர்:
ஐடிலில் எப்படி எடுத்தால் என்ன? மறுபடியும் முதலிலிருந்தா?

வெங்காய_வண்டி:
வண்டிக்காரன் நான்தான் அண்ணன்மாரே. உசிலம்பட்டியில் ஓரங்கட்டி நிற்கிறேன், சரக்கு தேனி போகணும். பாக்ஸைக் கழற்றவா, வேண்டாமா?

கப்பலூர்_டீசல்:
உடனே கழற்று.

ரிங்ரோடு_ஸ்கேனர்:
கழற்றாதே தம்பி. முதலில் டேங்க்.