நாகரத்தினம்மாளின் 150-வது ஆண்டு: பெயர்ப்பலகையா, குரலா?

(பெங்களூர் வாசகர்கள் நால்வரின் விவாதம். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஏரிக்கரை

2028 நவம்பர் 3 அன்று கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் பிறந்து 150 ஆண்டு நிறைகிறது. அதற்கு முந்தைய ஆண்டே, 2027 மே 19, அவருடைய 75-வது நினைவு நாள். பிறந்தது நஞ்சன்கூடு, பாடிப் பெயர் வாங்கியது மைசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும், அடங்கியது திருவையாற்றில். பாழடைந்து கிடந்த தியாகராஜர் சமாதியைத் தன் சம்பாத்தியத்தைப் போட்டு எழுப்பி 1925-இல் குடமுழுக்கு செய்தவர். ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சுமந்தவருக்கு இந்த ஊர் என்ன செய்யப்போகிறது?

என் யோசனை மூன்று. ஒரு சாலைக்கு அல்லது பூங்காவுக்கு அவர் பெயர். ஒரு சிலை. ஒரு தபால்தலை. இப்போது தொடங்கினால்தான் 2028-க்குள் முடியும்.

எழுபத்தெட்டு சுற்று

ஏரிக்கரை சார், நோக்கம் நல்லது, வழி தவறு. சாலைக்குப் பெயர் வைத்தால் இந்த ஊரில் என்ன ஆகும் என்பதற்கு ஜே.சி. ரோடும் கே.எச். ரோடும் கே.ஜி. ரோடும் சாட்சி. ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகம் வாங்கப் போகிறவர் ஜெயசாமராஜ உடையாரை நினைத்துக்கொண்டா போகிறார்? கே.எச். என்றால் கெங்கல் ஹனுமந்தையா என்று ஆட்டோக்காரர் சொல்வாரா? அம்மாவின் பெயரும் பத்தே ஆண்டில் 'பி.என். ரோடு' ஆகிவிடும்.

சிலைக்கு அனுமதியும் கிடைக்காது. சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவு வருவதற்கு முன்பே அல்சூர் திருவள்ளுவர் 1991 முதல் 18 ஆண்டு மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9-இல்தான் வெளிச்சம் பார்த்தார்.

பாடகி போனால் மிஞ்சுவது குரல். அவருடைய அரக்கு இசைத்தட்டுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காகப் பதிவெடுத்து எல்லோரும் கேட்கும்படி வைப்பதுதான் நினைவு. சட்டச் சிக்கலும் கிடையாது. ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1952 வரை வெளியான எல்லாமே 2012 முடிவோடு பொதுச் சொத்தாகிவிட்டன. 1958-க்கு முன் எடுத்த புகைப்படங்களும் அப்படியே. ஒரே ஒரு எச்சரிக்கை: யாரோ சுத்தம் செய்து வெளியிட்ட குறுந்தகட்டிலிருந்து நகல் எடுக்காதீர்கள். தட்டிலிருந்து நாமே எடுக்க வேண்டும்.

ஏரிக்கரை

அந்தக் காலத்துத் தட்டில் பாதி இரைச்சல். ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம். அதை யார் கேட்பார்கள்? ஏற்கெனவே கேட்கிற நூறு பேர்.

நீங்கள் மறந்த ஒன்று இருக்கிறது. தியாகராஜர் கீர்த்தனைகளுக்கு அன்று என்ன குறை? சீடர் வழியாக ஊர் ஊராகப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பாட்டு அத்தனை உயிரோடு இருந்தும் அவர் அடங்கிய இடம் புதர் மண்டிப் போயிருந்தது. அப்போது நாகரத்தினம்மாள் 'பாட்டு இருக்கிறதே, போதும்' என்று விட்டாரா? கல்லை வைத்தார். அவரை நினைக்கிற வழியை அவரே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வட்டிக் கணக்கு

கல் நின்றது உண்மை, ஏரிக்கரை சார். ஏன் நின்றது? ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமிக்கு, அதாவது தியாகராஜர் மறைந்த திதிக்கு, ஆராதனை நடப்பதால். 1847-இல் தியாகராஜர் மறைந்த பிறகு முதலில் கட்டிய சிறு சமாதியும் கல்தான், பார்க்க ஆள் இல்லாததால் பாழானது. இரண்டாவது முறை கட்டும்போது அம்மா கட்டடத்தோடு நிறுத்தவில்லை. அன்று ஆராதனையில் பெண்கள் பாட இடம் இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்தினார், பிரிந்து கிடந்த கட்சிகள் 1940 வாக்கில் ஒன்றாயின. ஆக, ஆண்டுக்கு ஒரு நாள், அதை நடத்த ஒரு பணம். அறக்கட்டளைக் கச்சேரிதான் என் பரிந்துரை.

இதில் எல்லோரும் தவறுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 5 லட்சம் திரட்டி 6.5 விழுக்காடு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு ரூ. 32,500. முழுவதையும் செலவு செய்தால் விலைவாசி 6 விழுக்காடு ஏறுகிற கணக்கில் 20 ஆண்டில் அந்த ரூ. 32,500 இன்றைய பத்தாயிரத்துக்குச் சமம். பாடகர், வயலின், மிருதங்கம் என்பது வயலின் இல்லாத கச்சேரியாகி, பிறகு 'நினைவுச் சொற்பொழிவு' ஆகி, பிறகு படத்துக்கு மாலையோடு முடியும். பல அறக்கட்டளைகள் செத்தது இப்படித்தான். வட்டியில் மூன்றில் ஒரு பங்கை முதலோடு சேருங்கள். முதல் ஆண்டு சுமார் ரூ. 21,700-தான் கையில் வரும். ஆனால் 20 ஆண்டில் முதல் 7.68 லட்சம், ஆண்டு வட்டியில் செலவுக்கு ரூ. 33,000-க்கு மேல். விலைவாசியை முழுக்க எட்டாது. வீழ்ச்சியின் வேகம் குறையும்.

இன்னொன்று. நன்கொடை தருகிறவர் 'மூலதன நிதிக்கு' என்று எழுத்தில் தர வேண்டும். இல்லாவிட்டால் அது அந்த ஆண்டின் வருமானம், வரிவிலக்குக்குப் பொதுவாக 85 விழுக்காட்டைச் செலவழித்தாக வேண்டும். முழுவதையும் வைப்பில் போட முடியாது.

எழுபத்தெட்டு சுற்று

கச்சேரியில் வேறு யாரோ பாடுவார்கள். அம்மாவின் பெயர் துணிப் பதாகையில் இருக்கும்.

இரைச்சல் என்கிறார் ஏரிக்கரை சார். இரைச்சலில் பெரும்பங்கு தவறாக ஓட்டுவதால் வருவது. இப்போது விற்கிற எல்.பி. (பின்னாளில் வந்த நெடுநேரத் தட்டு) ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான். பழைய தட்டின் பள்ளத்துக்கு 70 மைக்ரான் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கிற அழுக்கில் உருளும், சுவரைத் தொடவே தொடாது. கேட்பது குரல் அல்ல, குப்பை. தேய்ந்த தட்டானால் 60, 90 மைக்ரான் ஊசிகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய இரும்பு ஊசி தேய்க்காத உயரத்தில் சுவர் எங்கேயாவது நன்றாக இருக்கும். ஊசி தட்டை அழுத்தும் எடை 3 முதல் 5 கிராம்.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர், அதில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு நீர், மென்மையான தூரிகை, பள்ளம் ஓடுகிற வாக்கில். லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், ஒரு துடைப்பில் தட்டு போய்விடும். வெந்நீரும் ஆகாது, வளைந்துவிடும்.

மோனோ தட்டுதான் என்றாலும் ஸ்டீரியோவில் பதியுங்கள். இடது சுவர், வலது சுவர் இரண்டில் எது நல்லதோ அதைப் பிறகு எடுக்கலாம். எல்.பி.க்கு உரிய ஆர்.ஐ.ஏ.ஏ. சமனாக்கத்தை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைச் சரிக்கட்டும் முறை) போடாதீர்கள். 1925-க்கு முந்தைய தட்டு குழாய் வழியாகப் பாடிப் பதிந்தது, அதற்குச் சமனாக்கமே கிடையாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 120 எம்.பி. நூறு பக்கம் 12 ஜி.பி. ஒரு விரல்நக அளவு அட்டையில் அடங்கும்.

முக்கியம் வேகம். பழைய தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்று அல்ல. 78-இல் ஓட வேண்டியதை 73.6-இல் ஓட்டினால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும், பிருகா (வேகமாக உருளும் சுரக் கோர்வை) தளர்ந்து போகும். மாற்றி ஓட்டினால் கீச்சுக் குரல். 'அந்தக் காலத்துப் பெண்கள் கீச்சென்று பாடினார்கள்' என்று பேசுகிறவர்களில் பலர் கேட்டது தவறான வேகம். எந்த வேகத்தில் எடுத்தோம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்தால் நாளை வேறொருவர் திருத்த முடியும்.

வாசகி, பிரேசர் டவுன்

மூன்று பேரும் எப்படி நினைப்பது என்று பேசுகிறீர்கள். எதை நினைப்பது என்று யாரும் கேட்கவில்லை. பலகையோ அழைப்பிதழோ கோப்பின் விளக்கமோ, அதில் 60 சொல்தான் இருக்கும். அந்த 60-இல் என்ன எழுதுவீர்கள்?

'தியாகராஜ சேவை செய்த பக்தை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லா இடத்திலும் அதுதான் நடக்கிறது. அவர் தேவதாசி மரபில் வந்தவர். அதை மறைத்தவர் அல்ல. சென்னை மாகாண தேவதாசிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்து ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்தவர். அவர் பக்கம் சரியா, சட்டத்துக்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி பக்கம் சரியா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தச் சொல்லையே துடைத்துவிட்டால் நினைவில் நிற்பது வேறு யாரோ.

இன்னும் பெரிய விஷயம் புத்தகம். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையிலிருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதியது 'ராதிகா சாந்த்வனம்'. அதன் அச்சுப் பதிப்பில் பாடல்களைக் கத்தரித்தும், எழுதியவர் யார் என்ற விவரத்தை விட்டும் வெளியிட்டிருந்தார்கள். நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடி, முழுப் பாடத்தோடு 1910-இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளையர் அரசு தடைசெய்தது. விடுதலைக்குப் பிறகே தடை நீங்கியது. மறந்துபோன ஒரு பெண்ணை மீட்டெடுத்தவர் அவர், அதுவும் வெட்டாமல் மீட்டவர். அவரையே நாம் வெட்டி நினைப்பதா?

ஏரிக்கரை

வாசகி அம்மா, இதை முழுமனதாக ஏற்கிறேன். பலகை வேண்டும் என்பதற்கு இதுவே காரணம் என்றும் சொல்வேன். தட்டின் லேபிளில் 60 சொல்லுக்கு இடம் கிடையாது.

சிலையைக் கைவிடுகிறேன். பெயர் மாற்றத்தையும் விடுகிறேன். இருக்கிற பெயரை மாற்றினால் அந்தத் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக் காத்தாவும் (மாநகராட்சிச் சொத்துப் பதிவு) முகவரியும் மாற வேண்டும், ஆட்சேபம் குவியும். பெயரே இல்லாத பூங்காவாகப் பார்ப்போம். 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சியாகப் பிரிந்த பிறகு, இடம் யார் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து மனு கொடுக்க வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். பலகையில் கன்னடம் முதலிலும் பெரிதாகவும் இருக்கட்டும், கீழே தமிழும் தெலுங்கும். அவர் வாழ்வும் அந்த மொழிகளில்தான் ஓடியது. ஐந்தடி தூரத்தில் நின்று படிக்க எழுத்து 20 மி.மீ. உயரமாவது வேண்டும். அந்த அளவில் மூன்று மொழிக்கும் 60 சொல் என்றால் கல் பெரிதாகும். சொல்லை 40 ஆக்க முடியுமா?

வாசகி, பிரேசர் டவுன்

40 ஆக்கலாம். முதலில் போகப்போவது எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. 'வித்யாசுந்தரி' போன்ற பட்டங்களை எடுங்கள். 'தேவதாசி', 'முத்துப்பழனி', '1910' மூன்றும் இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வந்தவர் பெயர் வேண்டவே வேண்டாம். பல கல்வெட்டுகளில் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது.

வட்டிக் கணக்கு

தபால்தலைக்கு நாள் குறைவு. தபால்துறை விதிப்படி விண்ணப்பம் இரண்டு ஆண்டு முன்னதாகப் போக வேண்டும். 2028 நவம்பருக்கு என்றால் 2026-க்குள். முதலில் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று துறையின் பட்டியலில் பாருங்கள், ஒருவருக்கு இரண்டாவது முறை பொதுவாகத் தருவதில்லை. கிடைக்காவிட்டால் 'மை ஸ்டாம்ப்' இருக்கிறது, 12 தலை கொண்ட தாள் ரூ. 300. அதை நினைவுத் தபால்தலை என்று விளம்பரம் செய்யக் கூடாது. காசு கொடுத்தால் யார் படமும் வரும் தலை அது.

கச்சேரி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கோப்பைப் பார்க்கவும் ஆள் வேண்டும், பலகையைத் துடைக்கவும் ஆள் வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் கூடினால்தான் அந்த ஆள் கிடைப்பார்.

எழுபத்தெட்டு சுற்று

அந்த நாளில் முதல் மூன்று நிமிடம் அம்மாவின் தட்டை ஓட்டுவதாக இருந்தால் கச்சேரிக்கு நான் எதிர்ப்பில்லை. பூங்காப் பலகையை இன்னும் ஏற்கவில்லை.

தட்டு வைத்திருப்பவர்கள் லேபிளை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். பள்ளம் முடிந்து லேபிள் தொடங்கும் முன் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதில் பொறித்த எண் தெரியும். எந்தப் பதிவு, எப்போது எடுத்தது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டு பக்கத்து எண்ணையும் எழுதுங்கள். விரிசல் இருந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம், நிமிர்த்தி நிற்கவைத்து அப்படியே விடுங்கள்.